கோர்டி வைத்த சுருதி

மார்லிஸ் பெல்க்கோனன் மேடையில் பாட ஆரம்பித்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. கோர்டி ஜூபன்சிச்சை வெறுக்க ஆரம்பித்து ஒன்பது. கோர்டி அவளுடைய முன்னாள் கணவன். விவாகரத்தில் வீடு அவளுக்கு, படகும் நாயும் அவனுக்கு என்று எல்லாம் பிரிந்துபோனது. இசைக்குழுவை மட்டும் இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை. அவன் கிட்டார், அவள் பாட்டு, பேஸ் கிட்டாருக்கு வெண்டல் மாக்கி, டிரம்ஸுக்கு அன்றைக்குக் கிடைக்கிற ஆள். ஈவ்லெத் நகரைச் சுற்றியுள்ள இரும்புச் சுரங்க ஊர்களில், வெள்ளிக்கிழமை வறுத்த மீனுக்குக் கூட்டம் சேரும் பார்களில் எண்பதுகளின் பாட்டுகளைப் பாடுவார்கள். மற்ற நாளெல்லாம் மார்லிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டினாள்.

கச்சேரியைக் கடைசியாக முடித்துவைப்பது எப்போதும் ஒரே பாட்டு. விட்டுவிட்டுப் போனவனை ஒரு பெண் நாலு கேள்வி கேட்கிற பாட்டு. அதன் உச்ச இடத்தில் அவள் குரல் கொஞ்ச காலமாகவே உரசிக்கொண்டிருந்தது. நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, ரெட் பைன் பாரில், அது இரண்டாகப் பிளந்தது.

"யாரோ பூனை வாலை மிதிச்சிட்டாங்கப்பா" என்றான் கவுண்டரில் இருந்த ஒருவன்.

கோர்டி தன் மைக்கை இழுத்து, "மன்னிச்சுக்குங்க, எங்க பாட்டிக்கு இன்னும் தொண்டை சூடேறலை" என்றான். பார் முழுக்கச் சிரித்தது. கோர்டிக்கு அவளைவிட நான்கு வயது அதிகம். அவள் பாட்டை முடித்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

ஜனவரியில் நிமோனியா வந்து எட்டு நாள் மருத்துவமனையில் கிடந்தாள். நுரையீரலைத் தேற்ற ஒரு பிளாஸ்டிக் குழாய்க் கருவி கொடுத்தார்கள். மூச்சை உள்ளே இழுத்தால் அதற்குள் ஒரு பந்து எழும்பும். முதல் நாள் பந்து அசையவே இல்லை. "தோளைத் தூக்காதீங்க. வயிறு முன்னால வரட்டும், விலா பக்கவாட்டில விரியட்டும்" என்றாள் பயிற்சி கொடுத்த பெண். அப்படிச் செய்ததும் பந்து ஏறியது. படுக்கையில் கிடந்தபடியே மார்லிஸ் தன் மேல் ஆத்திரப்பட்டாள். இத்தனை வருடம் தோளைத் தூக்கி, மார்பின் மேல்பாதியில் இரண்டு வாய் காற்றை அடைத்துக்கொண்டு, மிச்சத்தைத் தொண்டையை நெரித்து ஒப்பேற்றியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்தபின் சமையலறைத் தரையில் மல்லாந்து படுத்து, வயிற்றின்மேல் மாவு மூட்டையை வைத்து அது எழும்பி இறங்குவதைப் பார்த்தாள். பிள்ளைகளை இறக்கிவிட்ட காலிப் பேருந்தில் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரே சீராகக் காற்றை விட்டு எண்ணினாள். தொடக்கத்தில் பதினொன்று. மார்ச்சில் முப்பத்துநான்கு. காற்றைக் கொட்டிவிடாமல், விலாவை விரித்தபடியே பிடித்துச் சிறுகச் சிறுக விடக் கற்றபிறகு, நீளமான வரிகள் நடுவில் அறுந்துபோகவில்லை.

ஆனால் அந்தப் பாட்டின் உச்சம் அப்போதும் வரவில்லை. மூச்சு இருந்தது, சுரம் எட்டவில்லை. சரி, நம் குரல் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடுவோம் என்று போனில் பியானோ செயலியை வைத்து, கோர்டியின் சுருதியிலிருந்து இறங்கி வந்தாள். ஒரு கட்டை இறக்கினால் உச்சத்தில் கழுத்து நரம்பு புடைத்தது. மூன்று இறக்கினால் தொடக்க வரிகள் தொண்டைக்குள் புதைந்து, சொல்லே கேட்கவில்லை. இரண்டு கட்டையில் மேலும் கீழும் இரண்டுமே அவளுடையதாக இருந்தன. சரிபார்க்கப் பழைய இசைத்தட்டைப் போட்டபோதுதான், அசல் பாட்டு கோர்டியின் சுருதியில் இல்லை என்று தெரிந்தது. மறுபடி போட்டாள். மூன்றாம் முறையும் போட்டாள்.

சனிக்கிழமை ஒத்திகை கோர்டியின் கார் ஷெட்டில்.

"கடைசிப் பாட்டை ரெண்டு கட்டை இறக்கணும்" என்றாள்.

"மகாராணி உத்தரவு" என்றான் கோர்டி. "அசல் பாட்டு ஏ சுருதி. ஜனங்க அதைக் கேக்கத்தான் வர்றாங்க."

"ஜனங்க மீனுக்கு வர்றாங்க."

"உன்னால எட்ட முடியலன்னா ஒத்துக்க. வயசாயிடுச்சுன்னு சொல்லு, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க."

அவள் போனை ஆம்ப்ளிஃபயரில் செருகி இசைத்தட்டின் பதிவை ஓடவிட்டாள். வெண்டல் தன் பேஸில் தடவி, ஒரு கம்பியை அழுத்தி, நிமிர்ந்து பார்த்தான். "கோர்டி, இது ஜி. ஏ-க்கு ஒரு கட்டை கீழ."

"பழைய பதிவு. டேப் மெதுவா ஓடியிருக்கும்."

"ஒரு முழுக் கட்டைக்கா?" வெண்டல் சிரிப்பை அடக்கவில்லை.

"ஏ-ல வாசிச்சா உனக்குத் தடிக் கம்பி அழுத்தாமலே தானா முழங்கும், இடது கைக்கு வேலை இல்ல" என்றாள் மார்லிஸ். "அசல்னு சொல்லிச் சொல்லி, உன் விரல் சொகுசுக்காக வருஷக்கணக்கா என் தொண்டையை அறுத்திருக்க."

"நான் இல்லேன்னா நீ பஸ்ல ஹாரன் அடிச்சிட்டு இருந்திருப்ப."

"ஹாரனாவது சுருதியில இருக்கும்."

கோர்டி வெகுநேரம் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான். பிறகு, "சரி, ரெண்டு கட்டை இறக்கி எஃப். போதுமா?" என்றான். எஃப்-இல் ஒருமுறை வாசிக்கவும் செய்தான், முகத்தைக் கோணிக்கொண்டு.

அடுத்த வெள்ளி அதே ரெட் பைன். இறைச்சியைப் பரிசாகத் தரும் சீட்டுக் குலுக்கல் முடிந்து, பன்றித் தொடையை வென்றவன் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கடைசிப் பாட்டுக்கு கோர்டி முன்னிசையைத் தொடங்கினான். ஏ-இல். அவளைப் பார்த்துக்கொண்டே.

முன்பென்றால் பாடித் தொலைத்திருப்பாள். இப்போது மைக்கைப் பிடித்தபடி நின்றாள். முன்னிசை ஒரு சுற்று முடிந்தது. இரண்டாம் சுற்றும் முடிந்தது. மேசைகளில் தலைகள் மேடைப் பக்கம் திரும்பின.

"பாடு" என்று பல்லைக் கடித்தான் கோர்டி.

அவள் மைக்கிலேயே சொன்னாள்: "இது உன் சுருதி. நீயே பாடு."

கூட்டம் மேசையைத் தட்டியது. எத்தனையோ பேர் அவனைப் பள்ளிக்கூட நாளிலிருந்தே அறிந்தவர்கள், பின்வாங்க வழியில்லை. பாடினான். தொடக்க வரிகளை ஒருமாதிரி ஓட்டினான். உச்சம் வந்தபோது தோள் காதுவரை ஏறியது, குரல் கீச்சென்று நாலாகச் சிதறியது. கிட்டாரைக் கழற்றி ஸ்டாண்டில் குத்திவிட்டு மேடையை விட்டு இறங்கினான். மார்லிஸுக்கு இரக்கம் வரவில்லை. வரும் என்று கொஞ்சம் காத்திருந்தும் பார்த்தாள்.

வெண்டல் யாரும் சொல்லாமலே எஃப்-ஐப் பிடித்தான். பேஸும் டிரம்ஸும் மட்டும் துணையாக, அவள் விலாவை விரித்து மூச்சை இறக்கிப் பாடினாள். உச்சத்தில் சுரம் அசையாமல் நின்றது. பாதிப் பேர் கேட்டார்கள், மீதிப் பேர் கோர்டி எங்கே போனான் என்று வாசலைப் பார்த்தார்கள்.

கார் நிறுத்துமிடத்தில் பனியில் காத்திருந்தான் அவன். "ஊர் முன்னால என்னை அசிங்கப்படுத்திட்ட."

"நவம்பர்ல நீ செஞ்சதுக்குப் பேரு என்ன?"

"குழுப் பேரு என்னோடது. இனி அந்தப் பேர்ல நீ பாட முடியாது."

"வெச்சுக்க. நாயையும் இப்படித்தான் வெச்சுக்கிட்ட."

மார்லிஸும் வெண்டலும் ஒரு கீபோர்டுக்காரியைச் சேர்த்துக்கொண்டார்கள். எந்தக் கட்டை கேட்டாலும் அவள் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, சூயிங்கம் மென்றபடி வாசித்தாள். இருபத்தாறு பாட்டுகளுக்கும் மார்லிஸ் தன் சுருதியைப் புதிதாகத் தேடிக் குறித்தாள். ஒன்பது பாட்டுகள் இறங்கின, இரண்டு ஏறின. நான்கை, எந்தச் சுருதியிலும் ஒத்துவராமல், தூக்கி எறிந்தாள். அவளுக்கு எட்டாததால்தான் இறக்கிப் பாடுகிறாள் என்று கோர்டி ஊரெல்லாம் சொன்னான். கேட்டவர்களிடம் அவளும் அது உண்மைதான் என்றாள்.

கோர்டி இருபத்துநாலு வயதுப் பெண் ஒருத்தியைப் பாட வைத்தான். செப்டம்பரில் அவள் தொண்டை கட்டி விலகிவிட்டாள். அக்டோபரில் ஒரு மதியம், பள்ளி விடுவதற்குச் சற்று முன், அவன் போன் செய்தான்.

"தேங்க்ஸ்கிவிங் லீவு வாரத்துக்கு மூணு கச்சேரி பிடிச்சிருக்கேன். வர்றியா? நீ சொல்ற சுருதி."

"எஃப்-ல வாசிப்பியா?"

"கத்துக்கிட்டேன்" என்றான், எரிச்சலாக.

"நல்லது. இன்னொருத்திக்கு உதவும்" என்று வைத்துவிட்டு, பிள்ளைகள் ஏற அவள் பேருந்தின் கதவைத் திறந்தாள்.