கோடியக்கரையில் அம்மா தேடியவள்

எழுபத்து நாலு தை மாதம். கேரள எல்லையோரம் முதலமடையில் எங்கள் மாமரங்கள் பூத்து நின்ற நேரம். "அந்தக் கோடியக்கரைக்கு என்னையக் கூட்டிப் போ புள்ளே" என்றாள் அம்மா. மருந்தடிக்கிற சமயத்தில் தோப்பை விட்டு யாராவது கிளம்புவார்களா? நாங்கள் கிளம்பினோம்.

அப்பா பட்டாளத்துக்காரர். உலக யுத்த காலத்தில் அங்கே கடலோரக் காவலில் இருந்தவர், காய்ச்சல் கண்டு அங்கேயே போய்ச் சேர்ந்தார். அப்போது எனக்கு ஒரு வயது. அவருடைய கடைசிக் கடிதத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் அம்மாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்: "தினம் சாயங்காலம் பூநாரையைப் பார்த்தால்தான் மனசு ஆறுது. என்ன நிறம், என்ன நடை!" எங்கள் பக்கம் பூவாத்தாள் என்று பெயர் வைப்பது மாதிரி, பூநாரையும் எவளோ ஒருத்தியின் பெயர் என்று அம்மா முடிவுகட்டிவிட்டாள். பதிலே போடவில்லை. முப்பது வருஷமாகப் புழுங்கியவளுக்கு, அந்தப் பூநாரை யாரென்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். நானோ மலையாளப் பள்ளியில் படித்தவள், எனக்கும் அந்தப் பெயர் தெரியவில்லை.

காலை ஐந்தரைக்குப் பஸ். பொள்ளாச்சி, கோயமுத்தூர், ரயிலில் திருச்சி, மறுநாள் தஞ்சாவூர் வழியாக வேதாரண்யம். அங்கிருந்து பதினொரு கிலோமீட்டர், பஸ்ஸுக்கு அறுபது பைசா. காட்டுக்குள் மாட்டுவண்டி, போக வர ஐந்து ரூபாய்.

வழியெல்லாம் வெளிமான்கள். அடடா, அந்த முறுக்குக் கொம்பு! அம்மா ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எதிரிக் கப்பல் வருகிறதா என்று பார்க்கக் கட்டிய காவல் மேடை இடிந்து கிடந்தது. அப்பா நின்ற இடம். பக்கத்தில் இருந்த காட்டு வாட்சரிடம் அம்மா நேராகப் போனாள்.

"ஏனுங்க, இங்க பூநாரைன்னு ஒருத்தி இருந்தாளாமுங்க. உசுரோட இருக்கறாளுங்களா?"

வாட்சர் சிரித்துவிட்டார். "ஒருத்தியா? அந்தா பாருங்கம்மா, ஆயிரம் பேரு நிக்கிறாங்க!"

ஆழமில்லாத தண்ணீரில், நெட்டைக் கால்களோடு, இளஞ்சிவப்புப் பறவைகள். ஒரு கூட்டம் எழும்பியபோது இறக்கையடி செக்கச்செவேலென்று தெரிந்தது.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "பறவையா புள்ளே? ஐயோ, ஒரு பறவைக்கா நான் அத்தனை கோவப்பட்டேன்! ஒரு வரி எழுதாம விட்டுப்போட்டனே." எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவளைக் கட்டிக்கொண்டேன்.

போகிறவர்கள் மார்கழி, தையில் போங்கள். கோடை வந்தால் பறவைகள் கிளம்பிவிடும். குடிதண்ணீர் கையோடு கொண்டுபோங்கள், உள்ளே உப்புத் தண்ணீர்தான். பொழுது சாயும்வரை இருப்போம் என்று வண்டிக்காரரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். நாங்கள் பேசவில்லை. அவர் மூன்றாம் தடவை கூப்பிட்டபோது நான் அம்மாவின் கையைப் பிடித்தேன். அவள் விடுவித்துக்கொண்டு, காவல் மேடையின் இடிந்த சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"நீ முன்னால போ புள்ளே. நான் உங்கப்பாகிட்ட கொஞ்சம் பேசிப்போட்டு வர்றேன்."