அளவெடுக்காத கம்பளிச் சட்டை

டயாலிசிஸ் முடிந்து வண்டியை விட்டு இறங்கும்போதே என் வீட்டுக்காரருக்கு உடம்பு உதறும். போர்வை போர்த்தினால் நழுவிவிடும். மகன் ஸ்வெட்டர் வாங்கி வந்தான். ஊசி குத்துகிற கையில் இறுக்கமாக எதையும் ஏற்றக்கூடாது, அதனால் அது பீரோவில் கிடக்கிறது. பட்டியில் இத்தனை செம்மறி ஆடு நிற்கும்போது கடைச்சட்டை எதற்கு, கையில்லாத சட்டையாக நானே செய்கிறேன் என்றேன்.

எங்கள் வீட்டில் தறி இல்லை. நெய்யாமலே செய்யலாம் என்று மருமகள் போனில் காட்டினாள். ஆட்டு ரோமத்தைக் கழுவிச் சிக்கெடுத்து, மெல்லிசாகப் பரப்ப வேண்டும். அதன்மேல் குறுக்காக இன்னொரு பரப்பு. சூடான சோப்புத் தண்ணீர் தெளித்து, பாயோடு சுருட்டி உருட்ட வேண்டும். உருட்ட உருட்ட ரோமம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு துணியாகும். சுருங்கவும் செய்யும். அதனால் ஆளைவிடப் பெரிதாகப் பரப்ப வேண்டும்.

"மாமாவ அளந்துக்கலாங்களா அத்தை?" என்று மருமகள் டேப்போடு வந்தாள்.

"படுத்திருக்கிற ஆள அளக்கக் கூடாது. பாடை கட்டத்தான் அப்படி அளப்பாங்க."

"உக்கார வச்சி அளக்கலாங்க."

"புடிச்சி உக்கார வச்சா அது உக்கார்றதா? நீ போ."

மகன் கல்யாணத்தில் அவர் போட்டிருந்த சட்டையை விரித்து, அதைப் பார்த்துப் பரப்பினேன். தோள் வலிக்க உருட்டிக் காயவைத்து, கழுத்துக்கும் கைக்கும் வெட்டி, பக்கங்களைத் தைத்து, முன்பக்கம் திறப்பு வைத்தேன். நல்ல துணி. நான் செய்தது வேறெப்படி இருக்கும்?

போட்டுவிட்டேன். குனிந்து பார்த்தார்.

"ஏ புள்ள, இதுக்குள்ள இன்னும் யாரு வராங்க?"

மருமகள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சுருக்கினால் சரியாகிவிடும் என்று மறுபடி வெந்நீரில் போட்டு உருட்டினேன். சிறிதாகத்தான் ஆனது, ஆனால் பலகை மாதிரி இறுகிவிட்டது. அதற்குள் அவரும் இன்னும் வற்றிப்போனார். நெஞ்சின்மேல் போட்டதும், "கல்லு வச்ச மாதிரி இருக்குது, எடுத்துடு" என்றார்.

போன வாரம் ஆஸ்பத்திரியில், இனி உடம்பு தாங்காது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மகன் வெளியே போய் நின்றுகொண்டான். நான் மிச்சமிருந்த ரோமத்தை ஊறவைத்தேன். வேறு என்ன செய்வது?

கல்யாணச் சட்டையை மறுபடி விரித்தபோது அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது எவனோ தடியனோடது. என்னை அளந்துக்கோ."

"மாட்டேங்க."

"அளக்காத இருந்தா மட்டும் இருந்துடப் போறனா? குளுருது புள்ள."

மருமகளைக் கூப்பிடவில்லை. கோணிப்பை தைக்கிற நூலை எடுத்து, அவர் தோளில் ஒரு முனையை வைத்து இடுப்புவரை இழுத்தேன். அளவு தப்பிவிடக் கூடாதென்று, உதறலை அடக்கிக்கொண்டு அவர் அசையாமல் படுத்திருந்தார்.