சந்திரமதி பொட்டு வைத்த டிஸ்க்

சந்திரமதி, நாடு சுதந்திரம் பெற்ற மெர்டேக்கா ஆண்டில் பிறந்தவள். சாமி காரியத்தில் ஒரு குறையும் வைக்கமாட்டாள். அந்த ஒரு நாளாவது குறை வைத்திருக்கலாம். என் ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

காஜா பெராங்கில், கம்போங் செட்டி முனையில் இருந்த ராஜரத்தினத்தின் அச்சகத்தில் அவள் தட்டச்சு, நான் பைண்டிங். எண்பத்தேழில் அங்கே தமிழ் எழுத்தோடு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதில் இரண்டு ஃபிளாப்பி டிஸ்க் போடலாம். ஒன்றில் புரோகிராம், மற்றதில் நாம் அடித்தது. சேமிக்கும்போது திரையில் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் ஒரு டிஸ்க்கின் பட்டியல்தான் தெரியும். ‘டிரைவ்’ என்ற பட்டனை அழுத்தினால் அடுத்த டிஸ்க்குக்கு மாறும்.

அவள் கணவர் அப்பாசாமி லோரி ஓட்டியவர். வெள்ளிதோறும் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலில், தானே கட்டிய பாட்டுகளைப் பாடுவார். எழுத வராது. தொண்டையில் புற்று என்று தெரிந்ததும் இருவருக்கும் ஒரே பதற்றம். குரல் போவதற்குள் பாட்டுகளைப் பிடித்து வைத்துவிட வேண்டும். வேலை முடிந்ததும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவார். அவள் அடிப்பாள், டிரைவை அழுத்திப் பாட்டு டிஸ்க்குக்கு மாற்றிச் சேமிப்பாள். ஒரு மாலை, பாட்டின் பாதியில் குரல் நின்றது. பிறகு வரவேயில்லை.

ஆயுத பூஜை வந்தது. நாங்கள் கம்ப்யூட்டர் பெட்டிக்குச் சந்தனம் வைத்தோம். இவளுக்கு அது போதவில்லை. பாட்டு டிஸ்க்கின் பின்பக்கம் நட்டநடுவில், கம்ப்யூட்டர் பிடித்துச் சுழற்ற ஓர் உலோக வட்டம் இருக்கும். குழைத்த சந்தனத்தை அதில் அப்பி, மேலே குங்குமமும் வைத்துவிட்டாள்.

மறுநாள் உள்ளே போட்டதும் கரகரவென்று சத்தம். இந்த டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை, அழித்துப் புதிதாக்கவா என்று திரை கேட்டது.

“வேணாம்! வேணாம்!” என்று திரையைப் பார்த்தே கத்தினாள்.

ராஜரத்தினம் ஓடி வந்து, வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி போட்டார். அதே கேள்வி.

“வேற காப்பி இல்லையாம்மா?”

“இல்ல முதலாளி. அவரு தொண்டைய நானே நெரிச்சிட்டேன்.” தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

“புரோகிராம் டிஸ்க்கையும் பாத்துருவோம்லா. அது பூஜையப்ப மிசினுக்குள்ளதான இருந்துச்சு” என்றார் ராஜரத்தினம்.

“அதுல நான் எதையும் வெச்சதில்ல முதலாளி.”

அவர் கேட்கவில்லை. டிஸ்க் போடும் இரண்டாவது வாயில் ஒரு கல்யாணப் பத்திரிகை டிஸ்க்கைப் போட்டிருந்தார். அதன் பட்டியல்தான் முதலில் வந்தது. டிரைவை அழுத்தினார். பட்டியல் மாறியது. அடியில் ஒரே ஒரு பெயர்: ‘மதிக்கு’.

குரல் நின்ற அன்றைய பாட்டு அது. அன்று அழுதுகொண்டே, டிரைவை அழுத்த மறந்து சேமித்திருக்கிறாள். ஒழுங்காகச் சேமித்ததெல்லாம் போய்விட்டது.

அச்சடித்த தாளோடு புக்கிட் பாருவில் அவர்கள் வீட்டுக்குப் போனோம். அவள் வாசித்தாள். பாதியில் பாட்டு முடிந்தது. மற்றதெல்லாம் எங்கே என்று அப்பாசாமி கையை விரித்தார்.

“போச்சுங்க. நான்தான் பொட்டு வெச்சு அழிச்சிட்டேன்.”

அவர் அவளையே பார்த்தார். பிறகு அவள் நெற்றிக் குங்குமத்தை விரலால் தொட்டு, அந்தத் தாளின் உச்சியில் வைத்தார். தாளுக்கு ஒன்றும் ஆகவில்லை.