மஞ்சள் பட்டையும் இரண்டு வயதுத் தொண்டையும்

தண்ணீர்ப் பூங்காவில் வேலை என்றால் தண்ணீருக்குத்தான் பயப்பட வேண்டும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நான் நாலு வருடமாகப் பயப்படுவது சாப்பாட்டுத் தட்டுக்கு.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் இருக்கிறது எங்கள் பூங்கா. எனக்கு உணவுக்கூடத்தில் வேலை, அதிலும் கைக்குழந்தைகளும் சின்னப் பிள்ளைகளும் சாப்பிடுகிற மூலையில். வாசலிலேயே மொத்தமாகப் பணம் கட்டிவிட்டால் கையில் ஒரு மஞ்சள் பட்டையை மாட்டிவிடுவார்கள். காலை டிபன், மதியச் சாப்பாடு, சாயங்காலப் பலகாரம் எல்லாம் அதில் அடக்கம். எத்தனை தடவை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பட்டையும் கிடையாது, கட்டணமும் கிடையாது. இலவசமாக ஒரு வயிற்றை உள்ளே கூட்டிவந்துவிட்டு, அதை நிரப்பாமல் வீட்டுக்குத் திரும்ப எந்தப் பெற்றோருக்கும் மனசு வராது.

இரண்டு வயதுப் பிள்ளைக்குச் சோறு ஊட்டியவராக நீங்கள் இருந்தால் என் பாடு உங்களுக்குப் புரியும். வாயை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டும் அந்தப் பிள்ளையிடம் நீங்களும் தோற்றிருப்பீர்கள். உங்கள் கவலை அது வாயைத் திறக்கவில்லையே என்பது. எனக்கு அது வாயைத் திறந்த பிறகுதான் கவலை ஆரம்பிக்கும்.

ரப்பர் பொம்மை

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் தென்காசியில் ஒரு துணிக்கடையில் இருந்தேன். சேலையை விரித்துக் காட்டுவதும் மடித்து வைப்பதும்தான் வேலை. யாருடைய உயிரும் அதில் இல்லை. பூங்காவில் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு நர்சம்மா கையில் ரப்பர் பொம்மையோடு வந்தார். பிள்ளைக்குத் தொண்டையில் ஏதாவது அடைத்துக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித்தர வந்தவர். இருமுகிற பிள்ளையைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அதற்கு மூச்சு போய் வருகிறது என்றார். சத்தமே வராத பிள்ளையைக் கண்டால்தான் ஓட வேண்டுமாம். மடியில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்க, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அடிக்க வேண்டும் என்று செய்தும் காட்டினார்.

ஒவ்வொருவராக அடித்தார்கள். என் முறை வந்தது. பொம்மைதான், தெரியும். ஆனால் அதன் பின்னந்தலை என் மகளுடைய பின்னந்தலை போலவே இருந்தது. பெற்ற மகளையே ஒரு நாளும் கை நீட்டி அடித்தவள் இல்லை நான். கை இறங்கவில்லை. சும்மா தட்டிக் கொடுத்தேன். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நர்சம்மா சிரிக்கவில்லை. அன்றைக்கு என் மனசுக்குள் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்தது: அப்படி ஒரு நேரம் வந்தால் என் கை எழும்புமா? நாலு வருடமாக அந்தக் கேள்வி எழுந்து போகவே இல்லை. அதைக் கொண்டுவந்து வைத்தவர் நர்சம்மாதான். என் கையைப் பிடித்துக்கொண்டு இப்படிச் சொன்னார்:

"இது முதுகு தடவுத வேலை இல்லம்மா. நீங்க பாவம் பாத்தா பிள்ளை போயிரும்."

கத்தியும் திராட்சையும்

அதற்குப் பிறகு என் மூலைக்கு வருகிற எதையும் நான் முழுசாக விட்டதில்லை. திராட்சையை நீளவாக்கில் நாலாகக் கீறுவேன். முறுக்கு வந்தால் நொறுக்குவேன். பாப்கார்னை என் பக்கமே அண்டவிட மாட்டேன். காலை ஆறரை மணிக்கு எல்லாரும் இட்லி வேகிற வாசனையில் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் மட்டும் ஓரமாக நின்று திராட்சைக் கூடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். எங்கள் தலைமைச் சமையல்காரர் மாடசாமி அண்ணாச்சி முப்பது வருடமாகக் கல்யாண வீடுகளில் சமைத்தவர். முதல் நாள் இதைப் பார்த்தவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்.

"திராட்சைக்கு ஆபரேசன் பண்ணுத ஆள நான் இப்பதாம்மா பாக்கேன்."

மூன்று மணிக்குப் பதினைந்து நிமிடம் முன்பு

மதியச் சாப்பாடு மூன்று மணியோடு முடியும். இரண்டே முக்காலுக்கு ஒலிபெருக்கியில் அதைச் சொல்வார்கள். நான் பயப்படுவது அந்தப் பதினைந்து நிமிடத்துக்குத்தான். அதுவரை நிதானமாக ஊட்டிக்கொண்டிருந்த தாய்மார்களுக்குத் திடீரென்று வேகம் பிடித்துவிடும். ஒரு வாய் இறங்குவதற்குள் அடுத்த வாய் போகும். அழுகிற வாயிலும் போகும், சிரிக்கிற வாயிலும் போகும்.

ஒரு நாள் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருக்கிற ஒருவர் மனைவியோடும் மகளோடும் வந்திருந்தார். காலையெல்லாம் தண்ணீரில் ஆடிய பிள்ளை அப்பா தோளிலேயே தூங்கிவிட்டது. ஒலிபெருக்கி சத்தம் கேட்டதும் அம்மா எழுந்து அவருக்குப் பின்னால் போய் நின்றார். தூங்குகிற பிள்ளையின் கன்னத்தை லேசாக அமுக்கி, திறந்த வாயில் தயிர்ச் சோற்றை உருட்டி உள்ளே வைத்தார். பிள்ளை கண்ணைத் திறக்காமலே மென்றது. பக்கத்தில் போய், எழுப்பிவிட்டு ஊட்டுங்கம்மா, தொண்டையில் சிக்கிக்கொள்ளும் என்று கெஞ்சினேன். அவர் அடுத்த உருண்டையை உருட்டினார். கிண்ணம் காலியாகும்வரை கையை நீட்டத் தயாராக வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். ஒவ்வொரு விழுங்கலையும் எண்ணினேன். எனக்கு வேர்த்துக் கொட்டுவதைப் பார்த்து அந்த அம்மாவுக்கே பாவமாகிவிட்டது போல.

"நீங்க ஏன் பயப்படுதீய? தூங்கும்போதுதாம் இவ ஒழுங்கா சாப்பிடுவா, முழிச்சிருந்தா ஒரே அக்கப்போரு."

பக்கத்து நாற்காலியில் வந்தவர்

எங்கள் கூடத்துக்கு மூன்று பக்கம்தான் சுவர். நாலாவது பக்கம் மரங்கள். குற்றாலத்துக் குரங்குகளுக்கு மஞ்சள் பட்டை தேவையில்லை. ஒரு நாள் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை ஒன்று பேபி சேரில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் பெரிய குரங்கு ஒன்று வந்து, வீட்டு ஆள் மாதிரி உட்கார்ந்தது. குழந்தை தனக்கு ஒரு கை, அதற்கு ஒரு கை என்று கொடுத்தது. அப்பா நாலடி தள்ளி நின்று போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

கத்தினால் குரங்கு பாய்ந்துவிடும் என்று தெரியும். அதனால் ஒரு வடையை எடுத்துத் தூரமாக உருட்டிவிட்டேன். அது வடையைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, திரும்பவும் கேசரியிடமே போனது. கிண்ணத்தில் தீர்ந்ததும் குழந்தையின் கன்னத்தில் ஒட்டியிருந்ததை எடுக்கக் கையை நீட்டியது. அந்த நகம் பிள்ளையின் கண்ணுக்குக் கீழே போவதை நான் பார்த்தேன். பின்னாலிருந்து மாடசாமி அண்ணாச்சி பெரிய தாம்பாளத்தைத் தரையில் போட்டார். குரங்கு கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு மரத்துக்குத் தாவியது. நான் ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கி முகமெல்லாம் தடவிப் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை. அப்பா போனைப் பார்த்துச் சலித்துக்கொண்டார்.

"கொஞ்சம் பொறுத்திருந்தா முழுசா வந்திருக்கும்லா, இப்ப பாதியில நின்னுட்டு."

சீசன் பழம்

போன சீசனில் சாப்பாட்டுத் திட்டத்தில் 'சீசன் பழம்' என்று ஒன்றைச் சேர்த்தார்கள். ரம்புட்டான். குற்றாலத்துக்கு வந்துவிட்டு ரம்புட்டான் சாப்பிடாமல் யார் போவார்கள்? தோலை உரித்து, கொட்டையோடு முழுசாகக் கிண்ணத்தில் போட்டு வைத்தார்கள். விரலால் எடுத்தாலே நழுவும். பார்த்த உடனே அதை மனசுக்குள் ஒரு சின்னத் தொண்டையோடு அளந்து பார்த்தேன். மேனேஜரிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் தைரியம் தேவைப்பட்டது.

மூன்றாவது நாள் சொன்னேன். கொட்டையை எடுத்து, சதையை மட்டும் நறுக்கி வைக்கலாம் என்றேன். நறுக்கினால் நிறம் மாறிவிடும், பழைய பழம் என்று புகார் வரும் என்றார். என் மூலையில் மட்டும் நான் நறுக்கி வைத்துக்கொள்ளலாம், பெரியவர்கள் வரிசையில் முழுசாகத்தான் இருக்கும் என்று முடித்துவிட்டார். பெரியவர்கள் கையில் எடுத்து வந்து பிள்ளைக்குக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பழத்துக்குள்ள கொட்டை இருக்கும்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்மா."

புரை

அது நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெளியே சாரல், உள்ளே ஈரத்துணியோடு கூட்டம். வாசுதேவநல்லூரிலிருந்து வந்த ஒரு இளம்பெண் தன் அண்ணனோடும் மகனோடும் என் மூலையில் உட்கார்ந்திருந்தாள். பையன் பெயர் தருண், இரண்டு வயது இருக்கும். கணவர் ராணுவத்தில் வடக்கே எங்கேயோ இருக்கிறார், மகன் பிறந்த பிறகு இரண்டு தடவைதான் ஊருக்கு வந்திருக்கிறார் என்று இட்லி வாங்க வந்தபோது அவளே சொன்னாள். லைன் கிடைத்ததும் போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்து, மகன் சாப்பிடுவதை வீடியோ காலில் அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் பெரியவர்கள் வரிசைக்குப் போய் ஒரு கிண்ணம் ரம்புட்டானோடு வந்தார். அப்பாவுக்குச் சாப்பிட்டுக் காட்டு என்று ஒரு பழத்தை முழுசாகப் பையன் வாயில் வைத்தார். இரண்டு மேஜை தள்ளி நின்ற நான், நறுக்கித் தருகிறேன் என்று சொல்லி முடிப்பதற்குள் அது உள்ளே போய்விட்டது.

பையனிடமிருந்து 'க்' என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. மாமா சிரித்துக்கொண்டே அவன் உச்சந்தலையில் தட்டி, அப்பா நெனைக்காரு போல என்றார். போனில் இருந்த அப்பாவும் சிரித்தார், ஆமாம், நான்தான் நினைத்தேன் என்றார். அம்மா தண்ணீர் டம்ளரை எடுத்தாள். நம் வீடுகளில் எல்லாரும் செய்கிறதுதான். என் மகளுக்குப் புரையேறியபோதெல்லாம் நானும் தலையில் தட்டி, யாரோ நினைக்கிறார்கள் என்றுதான் சொல்லியிருக்கிறேன். ஆனால் இந்தப் பையன் இருமவில்லை. வாய் திறந்திருந்தது, கண் விரிந்திருந்தது, அதற்கு மேல் ஒரு சத்தமும் இல்லை. மூன்று பேர் அவனைச் சுற்றிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவன் உதடு கறுத்துக்கொண்டு வந்தது.

எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. டம்ளரைத் தட்டிவிட்டேன், பையனை நாற்காலியிலிருந்து உருவினேன், தரையில் உட்கார்ந்து மடியில் குப்புறப் போட்டேன். முதல் அடி பாவம் பார்த்த அடி. அது எனக்கே தெரிந்தது. அப்போது வந்த பயம் மாதிரி ஒரு பயம் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை: இந்தப் பிள்ளை என் கையாலேயே போகப்போகிறது என்கிற பயம். இரண்டாவது அடியை ஓங்கி அடித்தேன். மூன்றாவதில் அவன் அம்மா அலறினாள், மாமா என் தோளைப் பிடித்து இழுத்தார். நாலாவது அடியில் பழம் தரையில் விழுந்து உருண்டது. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு கூடமே அதிரும்படி பையன் கத்தினான். மாமா பழத்தைக் கவனிக்கவில்லை. அவர் கண் என் கையிலேயே இருந்தது.

"பச்சப் பிள்ளைய இப்படியா போட்டு அடிப்பீய? நாங்க இங்கன சாப்பிடத்தான வந்தோம்?"

போனில் இருந்தவர்

நான் தரையில் உட்கார்ந்தபடியே பையனைத் தூக்கி அவன் அம்மாவிடம் கொடுத்தேன். மாடசாமி அண்ணாச்சிதான் குனிந்து பழத்தை எடுத்து மாமாவின் உள்ளங்கையில் வைத்தார். அவர் அதையே பார்த்தார். பிறகு கையை மூடிக்கொண்டு எனக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒருதடவை தென்காசிக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டிவிடுங்கள் என்று அண்ணாச்சி சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

அந்தக் களேபரத்தில் போன் மேஜைக்கு அடியில் விழுந்து கிடந்தது. லைன் துண்டாகவில்லை. அங்கே இருந்தவருக்கு அவ்வளவு நேரமும் தெரிந்தது மேஜையின் அடிப்பலகை மட்டும்தான். அடி விழுகிற சத்தமும் மனைவியின் அலறலும் கேட்டிருக்கிறது. என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று அவர் கத்திக்கொண்டிருந்தது அப்போதுதான் எங்கள் காதில் விழுந்தது. அவள் போனை எடுத்தாள். பையனைத் தோளில் போட்டு, சரி சரி என்று தட்டிக்கொண்டே நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை, குரல் மட்டும் கேட்டது.

"நீ ஒண்ணும் சொல்லாத, அவன அமத்தாத. அழட்டும், நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்."

உணவுக்கூடத்தில் ஒரு பிள்ளை தொண்டை கிழியக் கத்தி, எல்லாரும் முகத்தைச் சுளித்துத் திரும்பிப் பார்க்கிற நேரத்தில், நிம்மதியாக உட்கார்ந்து காபி குடிக்கிற ஒரே ஆள் இப்போதெல்லாம் நான்தான்.