மார்த்தாவுக்கு ஒரு பூசை

போன வியாழக்கிழமை, மாலைப் பூசை. ஃபாதர் பூசைக் கருத்துகளை வாசித்துக்கொண்டிருந்தார். இன்னாருக்குப் பிறந்த நாள், இன்னாருக்கு உடல்நலம் வேண்டி, இன்னாருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக... பாதிக் காதில் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன்.

“மரித்த மார்த்தா அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. ஒப்புக்கொடுப்பவர், ஜெரால்டு குடும்பத்தினர்.”

ஜெரால்டு என் கணவர். குடும்பத்தினர் என்றால்... அது நான்தான்!

எங்கள் குடும்பத்தில் மார்த்தா என்று யாரும் கிடையாது. அவர் பக்கமும் இல்லை, என் பக்கமும் இல்லை. இருந்தால்தானே மரிப்பதற்கு?

எனக்கு முன்வரிசையில் ரெஜினா அக்கா. எங்கள் தெருக்காரர்கள் வாராவாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்போம்; அந்த அன்பியத்துக்கு அவர்தான் தலைவி. திரும்பி ஒரு பார்வை பார்த்தார். ‘சொல்லவே இல்லையே’ என்ற பார்வை. நானும் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

ஆண்கள் பக்கம் எட்டிப் பார்த்தேன். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டுமே கோயில் பக்கம் வருகிற என் கணவர், அன்று இஸ்திரி போட்ட சட்டையோடு முழங்காலில் நின்றுகொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

வெளியே வந்து அவர் வண்டியை எடுக்கும்வரை பொறுத்தேன்.

“யாருங்க அந்த மார்த்தா?”

“உனக்குத் தெரியாதா? கப்பல் எஞ்சினியர்.”

“எந்தக் கப்பல்?”

“விண்கப்பல்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது.

என் கணவருக்கு ஒரு விண்கப்பல் பட வரிசை மேல் பைத்தியம். இங்கிலீஷ் படங்கள்தான், ஆனால் அவர் பார்த்ததெல்லாம் தமிழ் டப்பிங்கில். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பார்க்கிறார். இப்போதும் சாப்பிட்டு முடித்ததும் போனில் ஏதாவது ஒரு பாகம் ஓடும். எனக்கு அந்தப் படங்கள் பிடிக்காது என்று சொல்ல முடியாது. தூக்கம் வரும், அவ்வளவுதான்.

அதில் கேப்டன் உத்தரவு போடுவார். மற்றவர்கள் சுடுவார்கள். கப்பல் நடுவழியில் நின்றுபோனால் மட்டும் கீழ்த்தளத்திலிருந்து மார்த்தா வருவாள், கையில் ஸ்பானரோடு. எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்து, “உனக்கு எங்கே வலிக்கிறது?” என்று கேட்பாள். பிறகு சரிசெய்வாள்.

ஜெரால்டுக்குப் பழனி ரோட்டில் மோட்டார் பட்டறை. கம்பிச்சுருள் எரிந்துபோன கிணற்று மோட்டார்களை நெய்க்காரப்பட்டியிலிருந்தும், கொய்யாத் தோட்டக்காரர்கள் ஆயக்குடியிலிருந்தும் கூடத் தூக்கிக்கொண்டு வருவார்கள். எந்த மோட்டார் வந்தாலும் இவர் முதலில் அதன் மேல் உள்ளங்கையை வைப்பார். சூடு பார்க்கிறார் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

பல வருட இடைவெளிக்குப் பிறகு அந்த வரிசையில் இப்போது புதுப் படம் வந்திருக்கிறது. முந்தின ஞாயிற்றுக்கிழமை தனியாகவே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் கறிக்குழம்பைத் தொடவில்லை. வாயுத் தொல்லையாக இருக்கும் என்று இஞ்சிச் சாறு கொடுத்தேன். குடித்தார், பாவம்!

வண்டியில் போகும்போது விஷயத்தைச் சொன்னார். படம் ஆரம்பித்த சிறிது நேரத்திலேயே மார்த்தா செத்துப்போகிறாள். எதற்கு? புதுசாக வந்திருக்கிற ஹீரோப் பையனுக்குக் கோபம் வர வேண்டுமாம். அதற்காக.

“செத்ததுகூடப் பரவால்ல லில்லி. கதைன்னா சாவு இருக்கத்தான் செய்யும். ஒருத்தனும் அடக்கம் பண்ணலயே! அவளப் பத்தி ஒரு வார்த்த பேசல. அடுத்த சீன்ல உக்காந்து சிரிச்சுப் பேசிக்கிட்டு இருக்கானுவ. அம்புட்டுப் படத்துலயும் அந்தக் கப்பல ஓட வச்சது அவதான?”

“அதுக்கு?”

“யாராச்சும் செய்யணும்ல...”

சிரித்திருக்கலாம். சிரிப்பு வரவில்லை. “முன்னால பாத்து ஓட்டுங்க” என்று மட்டும் சொன்னேன்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் எங்கள் தெருவில் துக்கம் விசாரிக்காமல் விடுவார்களா?

மறுநாள் மதியம் ரெஜினா அக்கா இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கையில் பால் பாக்கெட்டும் சீனியும். வந்து போகிறவர்களுக்குக் காபி போட வேண்டுமே, அதற்கு! சாப்பிட வந்திருந்த ஜெரால்டு பின்கட்டில் கை கழுவிக்கொண்டிருந்தார். அக்கா என்னை அடுப்படிக்குள் தள்ளிக்கொண்டு போனார்.

“ஏம்மா லில்லி, அந்த மார்த்தா... உனக்கு ஏற்கனவே தெரியுமா?”

“தெரியும்க்கா.”

“எம்புட்டு நாளா?”

“கல்யாணம் ஆனதுல இருந்தே தெரியும். அதுக்கு முன்னாடி இருந்தே அவருக்குப் பழக்கம்.”

உண்மையைத்தான் சொன்னேன். அக்காவின் முகம் மாறியது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தெரிஞ்சுமா இம்புட்டு வருசம் குடும்பம் நடத்துன? நீ தெய்வம்த்தா. பூசைக்கு உன்னையும் சேத்துக் குடும்பத்தினர்னுல்ல பேரு குடுத்திருக்காரு மனுசன்...”

அப்போதுதான் உறைத்தது. இனி நான் என்ன மறுத்தாலும் புருஷனை மூடி மறைப்பதாகத்தான் ஆகும். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பரவும். நாளைக்குப் பட்டறைக்குப் போகும். ஒழுங்காகத் தொழில் செய்கிற மனிதர், கஷ்டப்பட்டு எடுத்த பெயர்... ஒரு சினிமாவுக்காகப் போய்விடும். அக்காவை மறுபடி கூடத்துக்குக் கூட்டிவந்து உட்கார வைத்துவிட்டுக் குரல் கொடுத்தேன்.

“என்னங்க, செத்த இங்க வாங்க. மார்த்தா யாருன்னு நீங்களே சொல்லுங்க.”

துண்டில் கையைத் துடைத்தபடி வந்தார். மூன்று பெண்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

“உங்களுக்கு என்ன முறை வேணும், தம்பி?” என்றார் ரெஜினா அக்கா.

எங்கள் ஊரில் துக்க வீட்டின் முதல் கேள்வி இதுதான். பதிலைப் பொறுத்துத்தான் துக்கத்தின் அளவு. பெரியம்மா என்றால் இவ்வளவு, ஒன்றுவிட்ட சித்தி என்றால் இவ்வளவு. முறை இல்லாத துக்கத்துக்கு நாற்காலிகூடப் போட மாட்டார்கள்.

தூரத்துச் சொந்தம் என்று ஒரு பொய் சொல்லித் தொலைத்தால் என்ன, என்று எனக்கு இருந்தது. அவர் சொல்லவில்லை.

“முறையெல்லாம் இல்லக்கா. சினிமாவுல வர்றவங்க.”

கூட வந்த பெண் ஒருத்தி முந்தானையால் வாயை மூடினாள். தோள் குலுங்கியது. என் கணவரின் காது சிவந்ததைப் பார்த்தேன். அதோடு உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. நின்றபடியே சொல்ல ஆரம்பித்துவிட்டார். கப்பல் எப்படி எப்படியெல்லாம் பழுதானது, மார்த்தா எப்படியெல்லாம் சரி பண்ணினாள், கேப்டனே பயந்த இடத்தில் அவள் எப்படி நின்றாள்... கடைசியில் அந்தப் பையனை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, அவள் மட்டும் வெளியே நின்றுவிட்டது வரைக்கும்.

முந்தானை கீழே இறங்கியிருந்தது.

“ஒடம்பு?” என்றார் ரெஜினா அக்கா.

“அப்டியே வானத்துல விட்டுட்டுப் போயிட்டாங்கக்கா.”

“எடுக்கவே இல்லயா?”

“இல்லக்கா. திரும்பிக்கூடப் பாக்கல.”

“அத்தன பேரு இருந்துமா? பாவிப் பயலுக!”

அக்கா நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அப்புறம் என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்துச் சொன்னார்: “போன வருசம் சீரியல்ல அந்தப் புள்ளைக்குப் பிரசவம் சிக்கலாயிருச்சுல்ல, அப்ப நான் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்துனேன் தம்பி. எங்க வீட்டு ஆளுககிட்டக்கூடச் சொல்லல.”

எழுந்தார். “சரி, வந்தது வந்துட்டோம். ஒரு பரலோக மந்திரம் சொல்லிட்டுப் போவோம்.”

எல்லோரும் எழுந்து நின்றோம். பட்டப்பகலில், எங்கள் வீட்டுக் கூடத்தில், வானத்தில் கைவிடப்பட்ட ஒரு எஞ்சினியருக்காக ஜெபித்தோம். எல்லோரையும்விட ஜெரால்டின் குரல்தான் சத்தமாகக் கேட்டது. அவர் வாய்விட்டு ஜெபம் சொல்லி நான் கேட்டது எப்போது என்று ஞாபகமே இல்லை. அவர்கள் போனதும் தட்டைப் போடச் சொல்லி, இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

படம் நல்லா இருக்கா, இல்லையா? நெட்டில் பெரிய சண்டையே நடக்கிறதாம். கிராபிக்ஸ் சரியில்லை என்கிறான் ஒருவன். மாஸ் என்கிறான் இன்னொருவன். என் கணவர் அதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாவு வீட்டுக்குப் போய் வந்தவரிடம் பந்தல் எப்படி என்று கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

ஆனாலும் உள்ளுக்குள் ஒரு உறுத்தல். பூசையில் போய் விளையாடிவிட்டோமோ? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஃபாதரிடம் போனேன். சின்ன வயதுக்காரர், இந்தப் பங்குக் கோயிலுக்குப் புதுசு.

“ஃபாதர், தப்பா நெனச்சுக்காதீங்க. அந்த மார்த்தா வந்து...”

“ரெஜினாம்மா சொன்னாங்க” என்றார். சிரிக்கவில்லை. “ஜெபம் எங்கயும் வீணாப் போயிராதும்மா. பேரு சொல்ல ஆள் இல்லாம எத்தனையோ மார்த்தா செத்திருப்பாங்க. அவங்கள்ல ஒருத்தருக்குப் போய்ச் சேரும்.”

மனசு லேசானது. ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத் திரும்பினேன். “அம்மா” என்று கூப்பிட்டார். அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான். நான் இன்னும் அந்தப் படம் பாக்கலம்மா. அதுக்குள்ள மார்த்தா செத்துருவாங்கன்னு என் வாயாலயே வாசிக்க வச்சுட்டாரே, உங்க வீட்டுக்காரரு!”