மாமியின் முதல் பட்டியல்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், பத்து வயதில் என்னைப்போலப் பிரெஞ்சு வாசித்த பிள்ளை வேறு கிடையாது. அது பொய். வகுப்பில் கடைசி வாங்கு எனக்கென்றே போட்டது. பிற்பாடு பள்ளிக்கூடமும் நானும் மனமொத்துப் பிரிந்தோம்; இப்போது கடை வைத்திருக்கிறேன்.

மாமி போன பிறகு அவருடைய காகிதங்களை ஒரு நூலகம் கேட்டிருக்கிறது. வாடகைக்காரர் கூட்டக் குறிப்புகள், நகரசபைக்குப் போட்ட கடிதங்கள், எல்லாமாக ஐந்து பெட்டி. ஒரு உறை மட்டும் வெறுமை. மேலே 'கையெழுத்து, முதல் பட்டியல்' என்று இருக்கிறது. "அது ஏன் இல்லையெண்டு நீயே எழுதிக் குடு" என்று மாமியின் மகள், என் மச்சாள், சொல்லிவிட்டாள்.

மாமி தெற்கில், காலியில் பிறந்தவர். மாமாவைக் கட்டி எங்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பத்துக்கு வந்தவர். இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் ஒரு பனிக்காலம், எங்கள் கட்டடத்தில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. மாமி கதவு கதவாகத் தட்டி நாற்பத்திரண்டு கையெழுத்து வாங்கினார். திங்கட்கிழமை நகரசபையில் கொடுக்கவேண்டும்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்காரனிடமிருந்து பிரெஞ்சில் ஒரு கடிதம் வந்தது. வழக்கமாக மச்சாள்தான் வாசிப்பாள். அவள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். நான் வயிற்றுவலியென்று மாமி வீட்டில் நின்று பிஸ்கற் தின்றுகொண்டிருந்தேன்.

"என்னடா போட்டிருக்கு?"

"பெயில் எண்டு கிடக்கு மாமி. பொலிஸ் பிடிச்சால் எடுக்கிறது." தொலைக்காட்சியில் பார்த்த அறிவு.

மாமி தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "பேர் ஏதும் கேட்டிருக்கோ?" என்றார்.

"என்ர பேரோ?"

"கையெழுத்து வச்ச ஆக்களின்ர பேரடா."

தேடினேன். சிக்னேச்சர் என்ற சொல்லும் இருந்தது. "ஓம் மாமி, கையெழுத்தும் கேட்டிருக்கு."

மாமி பட்டியலைக் கிழித்துக் குளியலறை வாளியில் போட்டுத் தண்ணீரைத் திறந்தார். என்னை ஏறி மிதிக்கச் சொன்னார். மை கரைந்து என் கால் நீலமாகிவிட்டது. அந்த மாதத்திலேயே எனக்குச் சந்தோஷமான வேலை அதுதான்.

பின்னேரம் மச்சாள் வந்து கடிதத்தைப் பார்த்தாள். "மாடே, இது பெயில் இல்லை. அதே எழுத்துத்தான், பிரெஞ்சில பாய்."

"படுக்கிற பாயோ?"

"வீட்டு ஒப்பந்தமடா. திருப்பிக் கையெழுத்து வைக்கச் சொல்லி வருசா வருசம் வாறது."

மாமி வாளியைப் பார்த்தபடி நின்றார். அடி விழும் என்று தலையைக் குனிந்தேன். விழவில்லை. சப்பாத்தைப் போடு என்றார். புதுக் கொப்பியோடு மறுபடி படியேறினோம். "முந்தி வச்சது எங்கை?" என்று கேட்டவர்களிடம், "என்ர பிழை, துலைச்சிட்டன்" என்றார். சிலர் கதவைத் திறக்கவேயில்லை.

மாமியின் சின்ன வயதில், காலியில் அவர்கள் வீட்டை எரிக்க வந்த கூட்டத்தின் கையில் ஒரு பட்டியல் இருந்ததாம். எந்த வீட்டில் எந்தத் தமிழர் என்று, பெயரும் இலக்கமுமாக. மச்சாள் இதை எனக்குச் சொன்னது போன கிழமை.

அன்றைக்கு நான் கண்டது இவ்வளவுதான். கடைசிப் படியில், "என்ர பேரையும் எழுதுங்கோ மாமி" என்று கேட்டேன். கொப்பியில் பேனையை வைத்த மாமி எழுதாமல் கனநேரம் இருந்தார். பேனை தீர்ந்துவிட்டதாக்கும் என்று வாங்கி உதறிக் கொடுத்தேன். அப்போது மாமி என்னைப் பார்த்து—

"இஞ்சாருங்கோ, கடையில ஆக்கள் நிக்கினம், எழுதினது காணும்." மனைவி கூப்பிடுகிறாள்.