கோமளத்தின் வளையங்கள்

கோமளம் யாரைப் பார்த்தாலும் முதலில் கருவிழியைத்தான் பார்ப்பாள், முகம் அப்புறம். தேனாம்பேட்டையில் ஒரு கண் மருத்துவமனை. மாடியில் இருட்டறையில் அவள், கீழே மூக்குக்கண்ணாடிக் கடையில் நான். மயிலாப்பூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறவள், "இன்னிக்காவது போணி ஆச்சா சார்?" என்று என்னைச் சீண்டாமல் மாடி ஏறமாட்டாள். லேசர் வந்த பிறகு கண்ணாடியைத் தலைமுழுக வருகிறவர்கள்தான் அதிகம்.

லேசருக்கு முன்னால் கருவிழியின் வளைவை அளக்கிற அவளுடைய மெஷின் தொண்ணூற்றைந்தில் வந்தது. ஒரு கூம்பு, அதற்குள் வெளிச்ச வளையங்கள். மோவாயை வைத்து உள்ளே பார்த்தால் வளையங்கள் கருவிழியில் விழும். எவர்சில்வர் குடம் நசுங்கியிருந்தால் அதில் தெரியும் முகம் கோணுமே, அதே சங்கதிதான். வளையங்கள் எங்கே நெருங்குகின்றனவோ அங்கே விழி அதிகமாக வளைந்திருக்கிறது. கம்ப்யூட்டர் அதை அளந்து கலர்ப் படம் போடும். வளைவு கூடின இடம் சிவப்பு, தட்டையான இடம் நீலம்.

தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த முத்துலட்சுமி, மகள் ஷண்முகப்ரியாவை அழைத்து வந்தார். தை மாதம் கல்யாணம். பெண் பார்க்க வந்தபோது கண்ணாடியை ஒளித்து வைத்துவிட்டார்கள். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாமாம். அதில் இந்தக் கண்ணாடிப் பொய்யைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தாலி ஏறுவதற்குள் லேசர் செய்துவிட வேண்டும் என்றார் முத்துலட்சுமி.

"கான்டாக்ட் லென்ஸைக் கழட்டி ரெண்டு வாரம் ஆச்சோ?" கோமளம் பெண்ணிடம்தான் கேட்டாள்.

"ஆச்சு மேடம்" என்றார் அம்மா.

"கண்ணைக் கசக்கற வழக்கம் உண்டா?"

"சேச்சே, அதெல்லாம் கெடையாது." அதுவும் அம்மாதான். 

"வளையமெல்லாம் வட்டமா இருக்கா மேடம்?" படம் எடுத்ததும் திரையை எட்டிப் பார்த்துக் கேட்டார் அம்மா.

இருந்தது. குறை சொல்ல முடியாத வட்டம். கேட்டால் படத்தின் பிரதி ஒன்று கொடுப்பது வழக்கம்; முத்துலட்சுமி கேட்டு வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். டாக்டர் ஆபரேஷனுக்குத் தேதி குறித்தார்.

கீழே வந்த ப்ரியா என் கடைக் கண்ணாடிமுன் நின்று, ஒரு டப்பியிலிருந்து லென்ஸை எடுத்து மாட்டினாள். மாப்பிள்ளை வீட்டார் சாயங்காலம் புடவை எடுக்க வருகிறார்களாம், போன வாரம் முழுக்கவும் வந்தார்களாம், அப்போதெல்லாம் லென்ஸ்தானாம்.  ஓடிப்போய்க் கோமளத்திடம் சொன்னேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "கெட்டி லென்ஸ் சார். மேட்டையெல்லாம் அமுக்கி வச்சுண்டிருக்கு. நான் எடுத்தது அவ கண்ணே இல்லை."

டாக்டர் தேதியை நிறுத்தினார். லென்ஸை உண்மையாகவே கழற்றிவிட்டு மறுபடி வந்தபோது வளையங்கள் கீழ்ப்பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. படத்தின் அடியில் சிவப்பு. கருவிழி மெலிந்து கூம்பாகத் துருத்திக்கொண்டு வருகிறது, லேசரால் செதுக்கினால் இன்னும் மோசமாகும், தொடவே கூடாது என்றார் டாக்டர்.

"மொதல்ல எடுத்தது நல்லாத்தான இருந்துச்சு?" என்றார் முத்துலட்சுமி.

"அது பொய்ப் படம்மா. தயவுசெஞ்சு கிழிச்சுப் போட்டுடுங்கோ" என்றாள் கோமளம்.

முத்துலட்சுமி கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.  அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை. கோமளம் அவர்கள் ஜவுளிக்கடைக்குப் போன் செய்து பார்த்தாள். அவள் குரலைக் கேட்டதுமே வைத்துவிட்டார்கள். அந்தப் பொய்ப் படத்தைக் கையில் கொடுத்தோமே என்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தை பிறந்ததும் நாதஸ்வரம் கேட்கும்போதெல்லாம் வேலையை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்ப்பாள்.

ஆடி மாதம் வந்தார்கள். ப்ரியாவின் கழுத்தில் தாலிக்கயிற்றின் மஞ்சள் இன்னும் போகவில்லை. பட்டப்பகலில் படி தெரியாமல் தடவினாள். நான்தான் கையைப் பிடித்து மாடிக்கு ஏற்றினேன். இந்த மாதிரி மெஷின் இல்லாத வேறோர் இடத்தில் அந்த முதல் படத்தைக் காட்டி லேசர் செய்திருந்தார்கள்.

கோமளம் அவள் மோவாயைப் பிடித்து மெதுவாக மெஷினில் பொருத்தினாள். திரையில் வந்ததை நானும் பார்த்தேன். எதையும் வளையம் என்று சொல்ல முடியவில்லை.

"எப்போலேர்ந்து இப்படி இருக்கு?"

பழக்கதோஷத்தில் ப்ரியா, அம்மா பதில் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். முத்துலட்சுமி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார்.

"அக்கா, வளையமெல்லாம் வட்டமா இருக்கா?" என்று ப்ரியாவே கேட்டாள்.

கோமளம் திரும்பி முத்துலட்சுமியைப் பார்த்தாள். முத்துலட்சுமி கைப்பையிலிருந்து அந்த முதல் படத்தை எடுத்துக் கிழிக்கத் தொடங்கினார்.